நாலாம் நாள் பால்

கலியாணமாகி வந்த மூன்றாம் நாளே அனிஷா ஒரு தவறு செய்தாள். ஓரகத்தி ராணியம்மாள் அதிரசம் வைத்துக் கொடுத்தனுப்பிய தட்டைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெறுமனே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

பொம்மிடிப் பக்கத்து அந்த ஊரில் பலகாரம் போன தட்டு வெறுமனே திரும்பாது. ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு எலுமிச்சம்பழமாவது அதில் இருக்கும். வெறுந்தட்டு வந்தால், இனி உங்கள் வீட்டுச் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். ஓசூரில் மூன்றாம் மாடியில் வளர்ந்த பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? மாமியார் இன்னாசியம்மாள் விழுந்து விழுந்து சிரித்து விஷயத்தைச் சொன்னபோது அனிஷாவும் சேர்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சுவரில் சாய்ந்து சிரித்தாள். உள்ளே ஓடிப்போய் அரைக் கிலோ சர்க்கரையை அப்படியே பையோடு கொண்டுவந்து தட்டில் வைத்தாள்.

ராணியம்மாள் சிரிக்கவில்லை. தான் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் செய்த தவறுகளுக்கு யாரும் சிரித்ததில்லை, திட்டினார்கள் என்பதுதான் அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு வீடுகளுக்கும் ஒரே சுற்றுச்சுவர், ஒரே குழாய். மூத்தவர் சவரி நிலத்தைப் பார்த்துக்கொண்டார். இளையவன் ஆரோக்கிய பிரவீன் பொம்மிடியில் செல்போன் கடை வைத்திருந்தான். பிரவீனுக்கு வாய் சும்மா இருக்காது. அனிஷா சுட்ட தோசைக்குக்கூட, "செம்ம அனிஷா! இதுக்குத்தான் உன்னக் கட்டினேன்" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்வான். சுவருக்கு இந்தப் பக்கம் சவரி குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். உப்பு குறைந்தால் மட்டும்தான் அவர் வாய் திறப்பார். இருபத்திரண்டு வருடத்தில் ராணியம்மாளின் சமையலைப் பற்றி அவர் பேசியதெல்லாம் உப்பைப் பற்றித்தான்.

இருந்தாலும் கிறிஸ்துமஸ் மட்டும் ராணியம்மாளுடையதாக இருந்தது. சேலத்திலிருந்து நாத்தனார் நிர்மலாவும் அவள் புருசன் அருள்குமாரும் வருவார்கள். பதினைந்து பேர் மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவள் சுட்ட அதிரசத்தையும் அச்சுமுறுக்கையும் நிர்மலா டப்பாவில் கட்டிக்கொண்டு போவாள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் ராணியம்மாள் மற்ற நாட்களைத் தள்ளினாள்.

அனிஷா வந்த இரண்டாம் வருடம், டிசம்பர் பதினெட்டாம் தேதி நிர்மலா போன் செய்தாள்.

"அண்ணி, இந்த வருசம் நீங்க அடுப்புல நின்னு வேகாதீங்க. அனிஷா சீஸ் கேக் செய்றாளாம். குரூப்புல போட்டா போட்டிருந்தா, பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றாள் ராணியம்மாள்.

பார்க்கவில்லை. போனை வைத்த பிறகுதான் பார்த்தாள். வெள்ளையாக, வட்டமாக, மேலே மாம்பழக் கூழ் ஊற்றிய ஏதோ ஒன்று. அதன் கீழே இருபத்தேழு கைதட்டல். அன்று சாயங்காலமே அவள் பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லப் பாகு காய்ச்சி, அதிரச மாவைப் பிசைந்து ஒரு பானையில் போட்டுத் துணியால் கட்டி மச்சு மேல் ஏற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கேக்குக்குக் கிரீம் சீஸ் வேண்டும். ஓசூரில் வாங்கினால் சின்ன டப்பாவே யானை விலை, பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் இளகிவிடுகிறது. ஆகவே வீட்டிலேயே செய்துகொள்வதாக அனிஷா சொன்னாள். பாலைக் காய்ச்சி, எலுமிச்சம்பழம் பிழிந்து திரியவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்ததும் உப்பும் பாலாடையும் சேர்த்து மிக்ஸியில் வெண்ணெய் போல அரைக்க வேண்டும்.

"எருமப் பால்தான் நல்லா வரும்னு சொல்றாங்க்கா. மூணு லிட்டர் குடுப்பீங்களா? இருபத்திநாலாம் தேதி காலைல."

"அதுக்கென்ன, குடுத்தாப் போச்சு."

எருமைகள் இரண்டும் நிலத்தை ஒட்டிய கொல்லைக் கொட்டாயில் கட்டிக் கிடந்தன. வீட்டிலிருந்து அரை மைல். மாமியார் முட்டிவலியால் அங்கே போவதில்லை. அனிஷா சாணிக்குப் பயந்து போவதில்லை. பெரிய எருமை இருபத்தோராம் தேதி விடியலில் கன்று போட்டிருந்தது சவரிக்கும் ராணியம்மாளுக்கும்தான் தெரியும். கன்று போட்டு ஒன்பது நாள் கழியாமல் அந்தப் பாலை அவர்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. முதல் சில நாள் அது சீம்பால். மஞ்சள் பூத்து, பிசுபிசுவென்றிருக்கும். அடுப்பில் வைத்தால் யாரும் எதுவும் பிழியாமலே கட்டியாகிவிடும். வெல்லம் போட்டு வீட்டோடு சாப்பிடலாமே தவிர வேறெதற்கும் ஆகாது.

இருபத்துநாலாம் தேதி, நாலாம் நாள் பால். ராணியம்மாள் சின்ன எருமையின் பால் இரண்டு லிட்டரோடு பெரிய எருமையின் பால் ஒரு லிட்டரைக் கலந்து தூக்குவாளியில் ஊற்றினாள். பால் அடுப்பிலேயே கெட்டுப்போகும், அந்தப் பெண் பதறிக்கொண்டு ஓடிவருவாள், மச்சு மேலிருந்து பானையை இறக்கிவிடலாம் என்று எல்லாவற்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

ஒன்பது மணிக்கு அனிஷா ஓடித்தான் வந்தாள்.

"அக்கா! இங்க வந்து பாருங்களேன்! எலுமிச்சம்பழத்தைக் கையில எடுக்கவே இல்ல, பால் தானாத் திரிஞ்சு நிக்குது! எவ்ளோ கெட்டி! டவுன்ல நாங்க குடிச்சதெல்லாம் பாலா? தண்ணிங்க்கா!"

"நல்லதாப் போச்சு" என்றாள் ராணியம்மாள்.

மறுநாள் மத்தியானம் கேக்கை வெட்டினார்கள். கத்தி இறங்கியதும் துண்டு கலையாமல் நின்றது. மாரி பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெயில் பிசைந்த அடித்தட்டு, அதன் மேல் நான்கு விரல் உயரத்துக்கு வழவழவென்று பால்கட்டி, உச்சியில் டப்பா மாம்பழக் கூழ். அருள்குமார் முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

"மச்சான், இந்தக் கேக்குக்காகவே உங்க வூட்டுக்குப் பக்கத்துல ஜாகை பாக்கப் போறேன்."

"வாடகை ஒழுங்காக் குடுக்கணும்" என்றான் பிரவீன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தானே பெற்றெடுத்தது போல நின்றான்.

இன்னாசியம்மாள் மட்டும் நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தாள். "என்னமோ எங்கம்மா வூட்டுச் சீம்பாலாட்டம் இருக்குதே."

"ஓவன்ல வெச்சா அப்படித்தான் இருக்கும் அத்தை" என்றாள் ராணியம்மாள் அவசரமாக.

அவளும் ஒரு துண்டு தின்றாள். அவ்வளவு நன்றாக இருந்தது. தன் எருமை, தன் கை கலந்த பால், தன் கெட்ட எண்ணம் எல்லாம் சேர்ந்து அந்தப் பெண்ணுக்குப் பெயராகிவிட்டதே என்று பொருமினாள். சவரியைப் பார்த்தாள். அவர் இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கும்மா" என்றார் அனிஷாவிடம். இரண்டே சொல்தான். அந்த இரண்டு சொல்லை இருபத்திரண்டு வருடமாக அவர் எங்கே வைத்திருந்தார்?

மச்சு மேலிருந்த அதிரச மாவு பொங்கல் வரைக்கும் கிடந்து பூஞ்சை பிடித்தது. யாருக்கும் தெரியாமல் குப்பைமேட்டில் கொட்டினாள்.

ஈஸ்டருக்கு அனிஷா மறுபடி செய்தாள். வரவில்லை. வெட்டினால் சரிந்தது. மே மாதம் நிர்மலாவின் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். சேலத்தில் நூறு பேர் வரும் விருந்து. நிர்மலா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள். அனிஷா இரண்டு நாள் முன்னதாகவே போய் ஐந்து கேக் செய்தாள். ஐந்தும் கூழாகக் கிடந்தன. யாரோ ஒருவர், "ஸ்பூன் வேணாம், ஸ்ட்ரா குடுங்க" என்று சொல்லப் பந்தியே சிரித்தது. பிரவீன் முகம் சுண்டிப்போயிற்று. அனிஷா சமையல்கட்டில் சிலிண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

ராணியம்மாள் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அதை அவளால் பின்னால் ஒருநாளும் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்ள முடியவில்லை. ஜில்லென்றுதான் இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அனிஷா ஒரு நோட்டுப் போட்டாள். என்ன பால், எத்தனை லிட்டர், எத்தனை பழம், எவ்வளவு நேரம் என்று வரிசையாக எழுதினாள். ஒருநாள் நோட்டும் கையுமாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, மொத தடவ நீங்க குடுத்த பால்ல என்னமோ இருந்துச்சு. அன்னிக்குத் தீவனம் எதுனா மாத்திப் போட்டீங்களா?"

"அதே புல்லுதான், அதே எருமதான்" என்றாள் ராணியம்மாள், கீரையை ஆய்ந்துகொண்டே. "உன் கைப்பக்குவம்தான் மாறிப்போச்சு."

அனிஷா தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "அப்படித்தான் போல. விடுங்க, கிறிஸ்துமஸுக்குள்ள கண்டுபிடிச்சிடுறேன். நீங்கதான் மொதத் துண்டு சாப்பிடணும்."

ஆகஸ்டில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் உடம்பாகத் திரும்பி வந்தாள். இருபத்தாறு வயது.

ராணியம்மாள்தான் குளிப்பாட்டினாள். புடவை கட்டி, கையில் ஜெபமாலை சுற்றினாள். அழுதாள், பொய்யாக இல்லை. ஆனால் முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஒவ்வொருவரும் அந்த முதல் கேக்கைப் பற்றியே பேசினார்கள். சிரித்த பந்தி யாருக்கும் ஞாபகமில்லை. ஐந்து கூழும் அவளோடு புதைந்து போயின. "அந்த ருசி இனி யாருக்கு வரும்?" என்றாள் நிர்மலா. பரிமாறிக்கொண்டிருந்த ராணியம்மாளுக்கு, எனக்கு வரும் என்று சொல்ல நாக்கு துடித்தது. இனி அவளைத் தோற்கடிக்கவே முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த டிசம்பரில் சின்ன எருமை கன்று போட்டது. தேதியை எண்ணிப் பார்த்தாள். இருபத்துநாலாம் தேதி மறுபடி நாலாம் நாள்.

பிரவீனிடம் ஓவனையும் நோட்டையும் கேட்டு வாங்கினாள். அவன் எதற்கென்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். இந்த முறை கள்ளத்தனம் இல்லாமல், இரண்டுக்கு ஒன்று என்று அளந்து ஊற்றினாள். பால் தானே திரிந்தது. துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக நீர் வடிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு எல்லோரும் தின்னட்டும், பிறகு சொல்லிவிடுவோம், போன தடவையும் இது என் பால்தான் என்று. சொல்வதற்கான வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள்.

பண்டிகை மத்தியானம் அவள் கேக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கத்தி இறங்கியது. துண்டு நின்றது. பிரவீன் ஒரு வாய் எடுத்தான். மென்றுகொண்டே அழ ஆரம்பித்தான்.

"அதேதான். அண்ணி, அதேதான். எப்படி வந்துச்சு?"

எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அப்படி யாரும் பார்த்ததில்லை. அடுக்கி வைத்திருந்த வார்த்தையில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. "அவ நோட்டுல இருந்துச்சு" என்றாள்.

சாயங்காலம் நோட்டைத் திருப்பிக் கொடுக்க எடுத்தாள். எல்லாப் பக்கங்களையும் புரட்டினாள். பதினொரு முயற்சி. ஒவ்வொன்றின் கீழேயும் 'வரல' என்று எழுதி, பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று வரைந்திருந்தாள். கடைசிப் பக்கத்தில், 'தப்பு பால்ல இல்ல, அக்கா சொன்னாங்க. என் கைதான்' என்றிருந்தது.

ராணியம்மாள் பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினாள்: 'பெரிய எருமை கன்னு போட்ட நாலாம் நாள் பால், மூணுல ஒரு பங்கு. நான்தான் கலந்தேன். கெடட்டும்னுதான் கலந்தேன். கேட்டப்ப சொல்லல. ராணி.'

நான்கு துண்டு கேக்கைத் தட்டில் வைத்து, நோட்டையும் அதன் ஓரத்தில் வைத்து, பிரவீன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை அவன் வந்தான். கண் வீங்கியிருந்தது. கையில் தட்டு. கழுவித் துடைத்து, வெறுமையாக இருந்தது. அவன் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"அண்ணன் இருக்காரா?"

"உள்ள சாப்பிடுறாரு. உக்காருங்க தம்பி."

உட்காரவில்லை. "அவகிட்டச் சொல்லியிருக்கலாம் அண்ணி. கொஞ்சங்கூடக் கோவப்பட்டிருக்க மாட்டா. சிரிச்சிருப்பா. வயித்தப் புடிச்சிக்கிட்டு, செவுத்துல சாஞ்சிக்கிட்டு மூணு நாளைக்குச் சிரிச்சிருப்பா. ஊர் பூராச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பா." குரல் உடைந்தது. "என் கைதான் சரியில்லன்னு சொல்லிக்கிட்டே போயிட்டா."

தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான்.

ராணியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நெஞ்சு கல்லாகக் கனத்தது. அந்தக் கனத்துக்கு அடியிலும் அந்தப் பழைய முள் கிடந்து குத்தியது. அவள் எப்படிச் சிரிப்பாள், எங்கே சாய்வாள் என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறான். நாளைக்கு நான் போய்விட்டால், நான் எப்படிச் சிரிப்பேன் என்று யாருக்குத் தெரியும்?

"என்னா சொல்றான்?" என்றார் சவரி.

"ஒண்ணுமில்ல."

மிச்சமிருந்த ஒரு துண்டு கேக்கை அவர் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் எடுத்துத் தின்றார். கடைசி விள்ளல் வரைக்கும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உப்பு சரியாக இருந்திருக்க வேண்டும்.