பதினைந்தாம் எண் டப்பா

9-2-2004, திங்கள்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். காலி டப்பாக்களைக் கழுவும் முன் ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள எண்ணைப் பார்த்து, பட்டியலில் குறித்துவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்று மாலை வகுப்பு எடுக்கும் வேதா மேடம் சொல்லியிருந்தார். நான் முதல் டப்பாவைப் பார்க்காமலே வாளியில் முக்கிவிட்டேன். தண்ணீர் கறுத்தது. விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி வந்தது. அப்புறம்தான் திருப்பிப் பார்த்தேன். எண் 15.

பதினைந்து, பக்கத்து வீட்டு ராஜம்மாள் அத்தையின் டப்பா. அவர்கள் வீட்டுப் பின்னறையில் டியூப்லைட்தான், விளக்கு ஏற்றுவதில்லை. இரவு பகலாக எண்ணெய் விளக்கு எரிகிற அறை இந்தத் தெருவில் ஒன்றே ஒன்று. அது எங்கள் வீட்டில் இருக்கிறது.

சிறு தவறு என்று எழுதியது சரியா என்று தெரியவில்லை. குழம்பாமல் இருக்க, ஆரம்பத்திலிருந்து வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மாலை அறிவியல் வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த வேலை ரேடான் அளப்பது. பாறையிலும் மண்ணிலும் துளியளவு யுரேனியம் இருக்கிறது. அது சிதைகிற வழியில் ரேடான் என்ற வாயு உண்டாகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் வரும். காற்றோட்டம் இருந்தால் போய்விடும், அடைத்த அறையில் தங்கிவிடும். பல வருஷம் அதைச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். அளப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே, டப்பாவின் எண்ணே கீறிய சின்ன ஃபிலிம் துண்டு, வாயில் மெல்லிய தாள். கூரையிலிருந்து கவிழ்த்துத் தொங்கவிட்டு மூன்று மாதம் தொடாமல் இருக்க வேண்டும். பிறகு கல்லூரியில் ஃபிலிமை எடுத்து, அதில் விழுந்த தடங்களை எண்ணுவார்கள்.

எங்கள் தெருவில் டப்பா மாட்டியது நான். பதினான்கு எங்கள் குகைக்கு. பதினைந்து ராஜம்மாள் அத்தை வீட்டுக்கு.

குகை என்று அப்பாதான் பெயர் வைத்தார். வீட்டுக்குப் பின்னால் பாறையை ஒட்டிப் பள்ளம் பறித்து, கல் சுவர் எழுப்பிக் கட்டிய அறை. ஜன்னல் இல்லை. தரைக்குச் சிமெண்ட் போடாமல் பாறையை அப்படியே விட்டிருக்கிறார். அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. மலையடி ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தியானம் செய்ய வாடகைக்கு இடம் கேட்டு வந்தால், அப்பா முதலில் அந்த வெடிப்பைத்தான் காட்டுவார். "இது மலையோட வேரு" என்பார். செங்கம் ரோட்டு பஸ் சத்தம் உள்ளே வருகிறது என்று ஒருவர் குறை சொன்னபோது, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டலாம் என்று யோசனை சொன்னது நான். ஒட்டியதும் நான். இடைவெளி ஏதாவது இருக்கிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பார்த்து, சுடர் அசையாதவரை ஒட்டினேன்.

போன வாரம் முடிவு வந்தது. பதினைந்தில் மட்டும் மற்ற வீடுகளைப் போல ஏழு மடங்கு. பதினான்கு சாதாரணம்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜன்னல் உள்ள அறையில் ஏழு மடங்கு, ஜன்னலே இல்லாத பாறைக்குழியில் சாதாரணமா என்று. வரவில்லை. எங்கள் வீடு தப்பித்தது என்ற சந்தோஷத்தில் வரவில்லை.

10-2-2004, செவ்வாய்

அம்மாவிடம் கேட்டேன். ஆயுத பூஜை அன்று என்ன நடந்தது என்று.

"இன்னா நடந்துச்சு? படைச்சோம்" என்றாள் அம்மா. "உன் புக்கு, அப்பா கடப்பாரை, என் தையல் மிஷின், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சோம்."

"டப்பாவுக்கும் வச்சியா?"

"அளக்குற சாமானாச்சே, வுட முடியுமா? ராஜம்மாக்காவும் தன் வூட்டு டப்பாவ அவுத்துனு வந்து, 'உன் பொண்ணு படிப்பு, இத்தையும் சேத்துப் படைச்சுடு'ன்னாங்க. ரெண்டையும் தாம்பாளத்துல வச்சேன். மறுநாள் நீதானே எடுத்தாந்து மாட்டுனே?"

ஆமாம், நான்தான் மாட்டினேன். இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி. எண் எழுதியிருந்த அடிப்பகுதியில்தான் அம்மா சந்தனத்தை அப்பியிருந்தாள், மேலே குங்குமம். அதைத் துடைத்து எண்ணைப் பார்த்திருக்கலாம். பூஜையில் வைத்த சந்தனத்தை எப்படித் துடைப்பது என்று தோன்றியது. இடது பக்கம் இருந்தது எங்களுடையது என்று முடிவு செய்து மாட்டினேன். ஜனவரியில் கழற்றும்போதும் பார்க்கவில்லை. முன்பே எண் எழுதி வைத்திருந்த உறைகளில் போட்டேன். கல்லூரியில் உறையைப் பார்ப்பதில்லை, ஃபிலிமில் கீறிய எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

மாட்டிய சில நாளிலேயே பூஜை வந்துவிட்டது. ஆக, கிட்டத்தட்ட மூன்று மாதமும் பதினைந்து எங்கள் குகையில், விளக்குக்கு மேலே தொங்கியிருக்கிறது.

இதை எழுதும்போது அம்மா குகையில் படுத்திருக்கிறாள். வெயில் ஏறினால் தினமும் அங்கேதான். ஃபேன் இல்லாமலே குளிர்ச்சியாக இருக்கிறதாம். நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்கு இன்று விடுமுறை என்பதால்தான் பார்க்க முடிகிறது. எழுப்பினேன். "இன்னாடி, இப்பத்தானே கண்ண மூடுனேன்" என்று திட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். காரணத்தைச் சொல்லவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்தேன்.

11-2-2004, புதன்

எண்கள் மாறியது தவறு. அதைவிடப் பெரியது அதற்கப்புறம் நான் செய்தது. அதை நேற்று எழுதாமல் விட்டுவிட்டேன்.

முடிவு வந்த மறுநாள் காலை, குழாயடியில் தெருவே குடத்தோடு நின்றது. ராஜம்மாள் அத்தைதான் கேட்டார், "ஏண்டி எழிலு, உன் டப்பா இன்னா சொல்லுது?" என்று. வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஜெராக்ஸ் கடையில் என்னை யாரும் அப்படித் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பாடம் ஒப்பிப்பது போல ஆரம்பித்துவிட்டேன். யுரேனியம், ரேடான், நுரையீரல், புற்றுநோய். கடைசியில், "உங்க வூட்லதான் அத்தை ஜாஸ்தி, ஏழு மடங்கு" என்றேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் நகர்த்தவில்லை.

அத்தை வீட்டில் ஹெல்கா என்று ஒரு பின்லாந்துக்கார அம்மா குடியிருந்தார். ரேடான் என்ற சொல்லைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் ஊரும் கிரானைட் பாறைதானாம். அடுத்த நாளே பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் அளவை நம்பி வந்தார். இப்போது காலையும் மாலையும் குகையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்கிறார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாசல் பலகையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். 'காற்று பரிசோதிக்கப்பட்டது' என்று இங்கிலீஷில், பச்சைப் பெயிண்டில் எழுதினேன். எழுத்து கோணாமல் இருக்க ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன்.

இன்று மாலை வேதா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கரி படிந்த உறையை மட்டும் முகர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வீட்லயும் புது டப்பா மாட்டுவோம். ஒரு தடவை அளந்ததை வச்சு முடிவு கட்டக் கூடாது" என்றார். "ஆனா அதுவரைக்கும் கதவைச் சாத்தி வைக்கணும்னு ஒண்ணும் இல்ல. நாளைக்கே யாரும் விழுந்துட மாட்டாங்க. இது வருஷக்கணக்குல சேர்றது. காத்து வர வழி பண்ணுங்க, அந்த வெடிப்பை அடைங்க. பாதிக்கு மேல கொறையும்."

"ராஜம்மாள் அத்தைகிட்ட நீங்க வந்து சொல்றீங்களா மேடம்?"

"டப்பா மாட்டுனது யாரு?"



12-2-2004, வியாழன்

காலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் குகை வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

"ரெண்டு டப்பாவும் கலந்துபோச்சுன்ற. அப்ப எது யாருதுன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார். "அப்படியே வுடு."

"கரி இருந்துச்சுப்பா. அவங்க வூட்ல வெளக்கே இல்ல."

"கழுவிட்ட இல்ல?"

"கழுவிட்டேன்."

"அப்புறம் இன்னா?"

எழுத வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் அது எனக்கும் நல்ல யோசனையாகத் தெரிந்தது. கரி போய்விட்டது. பார்த்தது நான் ஒருத்திதான். மேடம் தெருவுக்கு வரப்போவதில்லை.

"கண்ணுக்குத் தெரியாதது, மூக்குக்குத் தெரியாதது, அது வந்து என் பொழப்புல மண்ணப் போடுதா?" என்று அப்பா சத்தம் போட்டார். "ரெண்டு வருஷம் கடப்பாரை புடிச்சுப் பறிச்சது இது. மலையோட வேருன்னு வெள்ளைக்காரன்லாம் வுழுந்து கும்புடுறான்."

அம்மா உள்ளேயிருந்து துடைப்பத்தோடு வந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

"தெனம் மத்தியானம் நான் அங்கதான் படுக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெருக்கப் போய்விட்டாள்.

அப்பா பீடியைப் பார்த்தார், அணைத்தார். அப்புறம், "எந்தச் செவுத்துல ஓட்டை போடணும்ன்றாங்க உங்க மேடம்?" என்று கேட்டார்.

ஹெல்காவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பாதியில் வாக்கியம் முடியாமல் நின்றது. அவர் கோபப்படவில்லை. பாயைச் சுருட்டி மாமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டார். அவர்கள் ஊரில் தரைக்கடியில் ஒரு குழாயைப் பதித்து, அதன் முனையில் சின்ன மின்விசிறி வைத்து, வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றுவார்களாம். தரையில் குச்சியால் வரைந்து காட்டினார். அப்பா எட்ட நின்று பார்த்தார். பிறகு கிட்டே வந்து, "இது எத்தினி இன்ச்சு பைப்பு, கேளு" என்றார்.

நான் பிளேடு எடுத்துக் கதவின் ரப்பர் பட்டையைப் பிரித்தேன். நன்றாக ஒட்டியிருந்ததால் லேசில் வரவில்லை.

மாலை வகுப்புக்குப் போகவில்லை. ராஜம்மாள் அத்தை வீட்டுக்குப் போனேன். தரை முழுக்கப் புதுச் சிமெண்ட் திட்டுத் திட்டாகப் பூசியிருந்தது. இரண்டு ஜன்னல்களின் கதவுகளையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். நடுவில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாடியம்மா, வெஷக்காத்து டாக்டரு" என்றார். "உள்ள வராத, மூச்சு நின்னுடப்போவுது."

"அத்தை, அந்த நம்பர் உங்க வூட்டுது இல்ல. எங்க குகையுது. ஆயுத பூஜையில மாத்தி மாட்டிட்டேன்."

உரிப்பது நின்றது.  

"மொட்ட மாடியில படுத்துப் பனியில சளி புடிச்சதுகூடப் போவட்டும்" என்றார் அத்தை. "உங்கப்பன் செவுத்துக்கு மேல தலைய நீட்டி, 'இன்னாக்கா, காத்து எப்படிக்கீது'ன்னு கேட்டது, அதுவும் போவட்டும். என் பொண்ணு கவியா கொழந்தையத் தூக்கினு வர்றேன்னு இருந்தா. யாரோ அவ காதுல போட்டாங்க. அந்த வூட்டுக்குக் கொழந்தைய எடுத்துனு வரமாட்டேன்னு போன் பண்ணிட்டா. நான் பெத்த பொண்ணு. அந்த வூட்டுக்குன்றா."

"நான் அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றேன் அத்தை."

"அன்னிக்கு எங்க நின்னு சொன்ன?"

"கொழாயடியில."

"எத்தினி பேரு இருந்தாங்க?"

"எல்லாரும் இருந்தாங்க."

"இப்ப?"

நான் சுற்றிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"நான் ஒருத்திதான் இருக்கேன்" என்றார் அத்தை. "எனக்கு மட்டும் தெரிஞ்சு இன்னா பண்றது? எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே, என் வூட்ல ஒண்ணும் இல்லன்னு." உரித்த வேர்க்கடலையில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். "தின்னு. தின்னுட்டுப் போயி, சொன்ன எடத்துல சொல்லு."

"சொல்றேன். ஆனா அத்தை, உங்க வூட்லயும் திரும்ப ஒரு தடவை அளக்கணும்."

"மாட்டு. ஆனா இந்தத் தடவ படையலுக்குத் தர மாட்டேன்."

திரும்பும்போது எங்கள் வாசல் பலகையைப் பார்த்தேன். அந்தப் பச்சை வரி அழகாகத்தான் இருக்கிறது.

குழாயடியில் என்ன சொல்வது என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். நான்கிலும் சந்தனம் வருகிறது, அம்மா வருகிறாள். துடைக்காதது நான் என்பது மட்டும் கடைசியில்தான் வருகிறது. அதை முதலில் சொல்ல வேண்டும். அப்பாவின் பிழைப்பு என்ன ஆகும் என்று தெரியவில்லை. அவரும் நாளை குழாயடிக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாளைய வேலை: காலையில் தண்ணீர் விட்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எல்லோரும் வந்த பிறகு, பதினைந்தாம் எண் எங்கள் குகை, மாற்றி மாட்டியது நான் என்று, அன்று பேசிய அதே சத்தத்தில் சொல்ல வேண்டும். திரும்பி வந்து பலகையில் உள்ள பச்சை வரியைச் சுரண்டி எடுக்க வேண்டும்.