ஆக்கபூர்வமான விமர்சனங்கள் வரவேற்கப்படுகின்றன

ஒளிப்படம் என்பது ஓடுகிற காலத்தை ஒரு கணம் நிற்கவைத்து, அதன் முகத்தை மனிதகுலத்தின் பக்கம் திருப்பிக் காட்டுகிற மகத்தான அறச்செயல். இந்த வாக்கியத்தைச் சத்தியமூர்த்தி காலை ஏழே முக்காலுக்கு எழுதி முடித்தார். கீழே தம் வீட்டு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவின் தூண்களை எடுத்த பன்னிரண்டு படங்களை இணைத்தார். 'ஒளிவுமறைவற்ற, ஆக்கபூர்வமான விமர்சனங்கள் வரவேற்கப்படுகின்றன' என்று ஒரு வரியும் சேர்த்து, 'செட்டிநாட்டு ஒளிக்கலை வட்டம்' என்ற வாட்ஸாப் குழுவில் போட்டார். எட்டு மணிக்கு முதல் பதில் வந்தது. 'இன்னிக்கு கரண்டு கட்டா? யாருக்காவது தெரியுமா?' என்று வீரையா கேட்டிருந்தார்.

அதற்குப் பிறகு மழைதான். அருமை அண்ணே. சூப்பர் அண்ணே. கூப்பிய கை, கூப்பிய கை, ரோஜாப்பூ. நெற்குப்பை முத்துக்கண்ணன் 'உலகத்தரம்' என்று எழுதினார். முதல் நாள் அவர் போட்ட மயில் படத்துக்குச் சத்தியமூர்த்தியும் 'உலகத்தரம்' என்றுதான் எழுதியிருந்தார். உலகம் காரைக்குடியைச் சுற்றி இருபத்தைந்து கல்லுக்குள் இருந்தது. சத்தியமூர்த்தி ஒவ்வொரு பதிலையும் வாய்விட்டுப் படித்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சாலா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். ரோஜாப்பூவை எப்படி வாய்விட்டுப் படிப்பது என்று தெரியாததால் "ரோஜாப்பூ" என்றே படித்தார். அதற்கும் "ம்".

சத்தியமூர்த்தி பொய் சொல்லவில்லை. விமர்சனம் வேண்டும் என்று உண்மையாகவே நம்பினார். 'குறை என்று சொல்ல எதுவுமில்லை, இத்தனை அடக்கம் தேவையா என்பது மட்டுமே என் கேள்வி' என்கிற மாதிரியான கடுமையான விமர்சனம். சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் முப்பத்துநாலு வருடம் இருந்தவர். மற்றவர்களுக்கு நேர்ந்த விபத்துகளை நம்பாமலிருப்பது அவர் வேலை. ஓய்வுபெற்ற அன்று சக ஊழியர்கள் சேர்ந்து ஒரு கேமரா வாங்கிக்கொடுத்தார்கள். சொந்த ஊருக்கு வந்து அதை உறையிலிருந்து எடுத்த நாளிலிருந்து, தம்மை யாராவது ஒருவர் சரியாகப் பார்த்து நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்கிற ஏக்கம் அவருக்குப் பிடித்துக்கொண்டது. அறுபத்திரண்டு வயதில் அதை ஏக்கம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால் கலை என்று சொல்லிக்கொண்டார்.

பதினொன்றே காலுக்கு அந்தப் பதில் வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் செந்தாமரை எழுதியிருந்தார்.

'சார், படம் தெளிவா இருக்கு. ஆனா பன்னெண்டும் ஒரே பக்கம் நின்னு எடுத்திருக்கீக. காலை வெயில் நேரா லென்ஸுக்குள்ள வருது. அதான் தூணெல்லாம் கருப்பா விழுந்திருக்கு. எதிர்ப்பக்கம் போயி நின்னு இதே தூண எடுத்துப் பாருங்க, நல்லா வரும்.'

ஒரு ரோஜாப்பூகூட இல்லை. வட்டத்தில் கூப்பிய கைகள் கீழே இறங்கின. கரண்டு கட்டைப் பற்றிக்கூட யாரும் கேட்கவில்லை.

சத்தியமூர்த்தி இரண்டு நாள் பதில் எழுதினார். 'நிழலின் மொழி' என்று தொடங்கியதை அழித்தார். 'பாஸ்போர்ட் படம் எடுப்பது வேறு' என்று தொடங்கியதை, சாலா எட்டிப் பார்த்ததால் அழித்தார். மூன்றாம் நாள் சட்டை மாட்டிக்கொண்டு, வெள்ளரிக்காய் வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு நேரே ஸ்டுடியோ மாடியேறினார்.

செந்தாமரை ஒரு பெரியவரை ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "நாடியக் கொஞ்சம் தூக்குங்க பெரியப்பா. சிரிக்காதீக. சிரிச்சா வெளிநாட்டுக்காரன் விசா தரமாட்டான்." பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட, இரண்டாம் முறை எடுக்கவேண்டியிருந்தது. அவர் போனதும் திரும்பி, "கோவிச்சுக்கிட்டீகளா சார்?" என்றார்.

"சேச்சே. கேட்டதே நாந்தானே. அது வந்து... வேணும்னே இருட்டா எடுக்குற ஒரு பாணிம்மா."

"பாணின்னா ஒண்ணு ரெண்டு இருக்கும் சார். பன்னெண்டுமா?"

பன்னிரண்டு மட்டுமல்ல என்று நிரூபிக்க அவர் போனை நீட்டினார். அதில் எட்டு மாதத்துத் தூண்கள் இருந்தன. செந்தாமரை விரலால் தள்ளிக்கொண்டே போனார். அத்தனையும் மேற்கே நின்று கிழக்கே பார்த்து எடுத்தவை. "எதுக்க என்ன இருக்கு சார், கெணறா?"

"இல்ல. அங்கயும் வளவுதான்."

"பின்ன? நாலு எட்டு அங்குட்டுப் போறதுக்கு என்ன? இல்லாட்டி சாயங்காலம் எடுங்க, வெயில் மாறிரும்."

"மத்தியானம் படுத்தா எந்திரிக்க அஞ்சரை ஆயிரும்மா."

செந்தாமரை போனைத் திருப்பிக் கொடுத்தார். குரலில் கோபமில்லை. "கொறை சொல்லுங்கன்னு கேட்டீக, சொன்னேன். வேணாம்னா நானும் ஒரு ரோஜாப்பூவப் போட்டுட்டுப் போயிர்றேன் சார். எங்கிட்ட நெறைய இருக்கு."

நாலு எட்டு என்று அந்தப் பெண் சொன்னது கொஞ்சம் குறைவு. ஒன்பது எட்டு. வளவின் மேற்குப் பக்கத்து அறைகள் சத்தியமூர்த்தியின் பங்கு. கிழக்குப் பக்கத்து அறைகள் பெரியப்பச்சியின், அதாவது பெரியப்பாவின், மகன் முருகப்பனின் பங்கு. நடுவில் சுவர் கிடையாது, கோடு கிடையாது, திறந்த முற்றத்தில் வானம் மட்டும் இருந்தது. ஆனால் ஒன்பது வருடமாக இருவரும் பேசுவதில்லை. இந்த ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை என்பதால் சண்டைக்கு நல்ல வசதி. முன்வாசலைச் சத்தியமூர்த்தி வைத்துக்கொண்டார், பின்வாசலையும் பின்கட்டையும் முருகப்பன் வைத்துக்கொண்டார். ஒரே கூரைக்கடியில் இருவருக்கும் இரண்டு வேறு தெருக்களில் முகவரி. பிள்ளையார் நோன்பன்று மாவில் நூல்திரி வைத்து ஏற்றிய இழையை வீட்டு மூத்தவர் கையால் வாங்கி வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். வீட்டு மூத்தவர் முருகப்பன் என்பதால் சத்தியமூர்த்தி அதற்காகக் கோவிலூரில் இருக்கும் வேறொரு பங்காளி வீட்டுக்குக் காரெடுத்துக்கொண்டு போய்வந்தார்.

சண்டைக்குக் காரணம் ஒரு படம். சத்தியமூர்த்தியின் மகள் கல்யாணத்தில் முருகப்பன் மூன்று நாள் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. பந்தியில் 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்ட ஒருவருக்குக்கூட இல்லையென்ற சொல் வரவில்லை என்றால் அது அவரால். கடைசி நாள் யாரோ அவரை வலுக்கட்டாயமாக இழுத்துவந்து குடும்பப் படத்தில் ஓரமாக நிறுத்தினார்கள். வேட்டியில் சாம்பார்க் கறையோடு நின்றார். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்தவர் சத்தியமூர்த்தி. அப்போதே அவருக்குக் கலைக்கண் இருந்தது. ஓரத்தில் படம் கனக்கிறது என்று பட்டது. வெட்டினார். இருநூற்றுநாற்பது பக்க ஆல்பத்தில் முருகப்பன் அண்ணனின் வலது கை மட்டும், மாப்பிள்ளையின் தோள்மேல் மோதிரத்தோடு இருந்தது. விஷயம் வெடித்தபோது, ஸ்டுடியோக்காரன் வெட்டிவிட்டான் என்றார். காப்பீட்டில் அதற்கு மூன்றாம் நபர் பொறுப்பு என்று பெயர்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது சாலாவிடம் சொன்னார். "எதிர்ப்பக்கம் நின்னு எடுக்கணுமாம்."

"எடுங்களேன்."

"எப்படி எடுக்குறது?"

"போயிக் கேளுங்க. கடிச்சா வைக்கப்போறாக?" சாலா ரசம் ஊற்றினார். "வெள்ளரிக்கா எங்க?"

மறுநாள் காலை எட்டரைக்குச் சத்தியமூர்த்தி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு ஒன்பது எட்டு நடந்தார். அஞ்சாவது எட்டில் திரும்பிவிடலாமா என்று நினைத்தார். முருகப்பன் கீழே முறம் வைத்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபது வயது. பனியன் போடாத உடம்பு முன்பைவிட மெலிந்திருந்தது. அண்ணி, கார்த்திகை என்று குன்றக்குடிக்குப் போயிருந்தார்.

"யாரு?" என்றார் முருகப்பன், நேரே பார்த்துக்கொண்டே.

"நாந்தாண்ணே. சத்தி."

"எந்தச் சத்தி?"

"எதுக்க இருக்குற சத்தி."

"ஓகோ." ஒரு பூவின் நரம்பை உருவிப் போட்டார். "என்ன வேணும்?"

"ஒரு படம் எடுக்கணும். இங்குட்டு நின்னு."

வாழைப்பூவில் இருந்த கை நின்றது. "என்னையா?"

அந்த இடத்தில் வேறு எந்த மனிதனும் ஆமாம் என்றிருப்பான். "இல்லண்ணே, தூண" என்றார் சத்தியமூர்த்தி.

முருகப்பன் தூணைப் பார்த்தார். "எடுத்துக்க. தூணு பொதுதான்."

கண்ணைக் கேமராவில் வைத்தார் சத்தியமூர்த்தி. அந்தப் பெண் சொன்னது சரி. வெயில் அவர் முதுகுப் பக்கத்திலிருந்து சரிந்து, முற்றத்தைத் தாண்டிப் போய், மேற்கு வரிசைத் தூண்களில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. பர்மாத் தேக்கின் ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. தூணுக்குப் பின்னால் அவர் வீட்டுக் கதவு. கதவோரம் அவர் செருப்பு, ஒன்று கவிழ்ந்து. டிவிக்காக அவர் இழுத்துக் கட்டிய ஒயர். அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி. யாருமில்லாமல் அது அங்கே கிடந்ததைப் பார்க்க, யாரோ தனியாக வாழ்கிற ஒருவரின் வீடு மாதிரி இருந்தது. எட்டு மாதமாக அவர் எதிர்ப்பக்கத்தையே படமெடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் இத்தனை காலமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஐந்தாறு முறை அழுத்தினார். "காமி" என்றார் முருகப்பன், கறை பிடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு. கேமராவின் சின்னத் திரையைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"உள்ளதச் சொல்லுங்கண்ணே."

"தூணு நல்லாருக்கு." அடுத்ததைப் பார்த்தார். "நீ எப்பவுமே தூணு நல்லாத்தான் எடுப்பே." அடுத்தது. "கல்யாணத்துல என் கை வந்திருந்துச்சே, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

சத்தியமூர்த்திக்கு இதற்குப் பதில் தயாராகவே இருந்தது. ஒன்பது வருடப் பழைய பதில், ஸ்டுடியோக்காரன், அவன் இப்போது கோயம்புத்தூருக்குப் போய்விட்டான் என்பது வரை விவரங்களோடு. வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"அந்தப் படத்த நாந்தாண்ணே வெட்டுனேன்."

முருகப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓரத்துல கனமா இருந்துச்சுன்னு... மோதிரமாவது இருக்கட்டும்னுதான் கைய வச்சேன்."

"மோதிரம் தெரிஞ்சுச்சு" என்றார் முருகப்பன். முறத்தில் இருந்த பூக்களை ஒருமுறை குலுக்கினார். "எனக்கு அப்பவே தெரியும்டா. ஸ்டுடியோக்காரன் எதுக்கு வெட்டப்போறான்? அவன் மூணு நாளும் எங்கிட்டத்தான சாப்புட்டான்."

எங்கோ பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. மூன்றாவது விசில் வரை எண்ணிவிட்டுச் சத்தியமூர்த்தி கேட்டார். "அண்ணே, உங்கள ஒண்ணு எடுக்கவா?"

"இந்தக் கோலத்துலயா?" என்று எழுந்து உள்ளே போனார். கால்மணி நேரம் வரவில்லை. வந்தபோது தும்பைப்பூ மாதிரிச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, தண்ணீர் வைத்துப் படியவாரிய தலை. "இங்குட்டு வேணாம், இருட்டு. பின்கட்டுக்கு வா. காலையில அங்கதான் வெயில் நல்லா விழும்."

பின்கட்டுக்குச் சத்தியமூர்த்தி வந்து ஒன்பது வருடமாயிற்று. எதையும் பார்க்கவில்லை. கேமராவின் சதுரக் கண்ணாடிக்குள் அண்ணன் முகம் மட்டும் இருந்தது, அதுவும் தம் கண்ணில் நீர் கட்டியிருந்ததால் நீருக்கடியில் இருப்பதுபோல. முருகப்பன் நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து கோத்துக்கொண்டு நின்றார்.

"கை வருதா?"

"முழுசா வருதுண்ணே."

பதினொரு படம் எடுத்தார்.

பகல் பதினோரு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தார். இன்று வட்டத்தில் போடுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "சாலா, இங்க வந்து பாரு. நல்லாருக்குன்னு சொல்லாத. கொறை என்னன்னு சொல்லு."

சாலா வந்து தோளுக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தார். முதல் படம், இரண்டாம் படம். "அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார்.

பதினொன்றிலும் முருகப்பன் கலங்கலாக இருந்தார். சிரிக்கிறார் என்பதுவரை தெரிந்தது. கேமரா தன்பாட்டுக்கு அவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் வெயிலில் கட்டியிருந்த துணிக்கொடியில் போய்க் கூர்மையாக நின்றிருந்தது. கொடியில் ஒரு பனியன் காய்ந்தது. உலகத்தரமான கூர்மை. அக்குளுக்குக் கீழே இருந்த மூன்று ஓட்டைகளும் தெரிந்தன. சத்தியமூர்த்தி படத்தைப் பெரிதாக்கினார். கழுத்துப் பட்டையில் சிவப்பு நூலால் ஒரு 'ச' தைத்திருந்தது. பாத்திரங்களில் பேர் வெட்டிவைப்பது எல்லா வீட்டிலும் உண்டு, துணியிலும் தைத்துவைப்பது சாலா மட்டும். துவைத்துக் காயப்போடுவதும் அவர்தான்.

கொடி அண்ணனுடையது. பனியன் சத்தியமூர்த்தியுடையது.