தையற்கடையின் புதுப் பலகை

பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதக் கற்பித்துவந்த லூர்து மேரி, 1986இல் பம்பாயின் தாராவித் தமிழர்களின் கடைப் பலகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஒரு பலகையின் படமும் எழுத்தும் யாரை, எப்படி அழைக்கின்றன என்பதே அவள் கேள்வி. இனாயத்துல்லாவின் தையற்கடைப் பலகையில் தாவணி கட்டிய பெண்ணும் கொட்டைத் தமிழ் எழுத்தும் இருந்தன. அதைப் படமெடுக்க அனுமதி கேட்டுவிட்டுச் செம்பூரில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள்.

மறுவாரம் கேமராவோடு வந்தவள் திகைத்துப்போனாள். பலகையில் கோட்டு சூட்டு போட்ட ஒருவன் நின்றான். எழுத்தெல்லாம் இங்கிலீஷ்.

“பழைய போர்டு எங்க பாய்?”

“உள்ள கெடக்கு டீச்சர். யுனிவர்சிட்டில பாப்பாங்கன்னு சொன்னியளே, அதான் பெயின்டர வச்சு ஜோரா எழுதிட்டேன். நம்ம ஆளுகளக் கொறச்சலா நெனச்சிரக் கூடாதுல்லா?”

ஆராய்ச்சியே கெட்டுவிட்டது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பிறகு சிரிப்பு வந்தது. புதுப் பலகை தெருவில் போகிறவர்களை அழைக்கவில்லை, பல்கலைக்கழகத்தோடு பேசுகிறது. இதை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

“பழசையும் வெளிய எடுங்க பாய். ரெண்டையும் சேர்த்து எடுக்கறேன்.”

இனாயத்துல்லா தலைவாரிக்கொண்டு வந்து, இரண்டு பலகைகளுக்கும் நடுவில் நிமிர்ந்து நின்றார்.