நர்சம்மாவின் காது

பிள்ளை பிறக்கும் வீட்டில் ராகேலம்மாளுக்குக் கத்திரிக்கோலும் வெந்நீரும் இரண்டாம் பட்சம். முதலில் வேண்டியது காது. மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தபடி, ஒரு சாண் மரக்குழலைத் தாயின் வயிற்றில் வைத்து மறுமுனையில் காதைப் பொருத்தினால், உள்ளே பிள்ளையின் நெஞ்சு அடிப்பது கேட்கும். இருபது வருஷமாக அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவள் பிழைப்பு. அந்தக் காதுதான் இப்போது காலை வாரியது.

சும்மா இருக்கும், திடீரென்று ஒரு நாள் உள்ளே சில்வண்டுபோல் ஓர் இரைச்சல், சீவீடு கூவத் தொடங்கும். இரண்டு நாள் கூவும், தானாக ஓயும். ஆறு மாதத்துக்கு முன் மலையடிவாரத்தில் செல்லபாய் என்ற பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போனாள். குழலை எங்கே வைத்தாலும் சீவீடுதான் கேட்டது. பிள்ளை போய்விட்டது என்று சொல்லிவிட்டாள். செல்லபாய் ஒரு மணி நேரம் அலறி அழுதாள். பிறகு பிள்ளை பிறந்து, அதுவும் அலறி அழுதது. சந்தோஷத்தில் வீட்டார் ராகேலை மன்னித்துவிட்டார்கள். செல்லபாய் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பாமல் என்ன செய்வாள்?

இன்னொரு தடவை இப்படி ஆனால் குழலைப் பரணில் போட வேண்டியதுதான். இரைச்சல் வந்த நாளுக்கெல்லாம் ராகேல் சுவர்க் காலண்டரில் பென்சிலால் சுழி போட்டுக் காரணத்தைத் தேடினாள். காப்பியோ என்று காப்பியை விட்டாள். தலைவலி வந்தது, சீவீடு போகவில்லை. கருவாட்டை விட்டாள். சபையில் யாருக்கும் தெரியாமல் வாயில் அடக்கும் புகையிலையையும் விட்டாள். அது கருவாட்டை விட்டதுபோல் அவ்வளவு லேசாக இல்லை. சுழிகள் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தன. கடைசியில் ஒன்று தெளிந்தது. நாகர்கோவிலுக்குள் பிரசவம் என்றால் காது பேசாமல் இருக்கிறது. மலையடிவாரத்திலிருந்து ஆள் வந்தால்தான் கூவுகிறது. செல்லபாயின் கண்ணீரைக் கர்த்தர் மறக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள். செல்லபாய்க்கு முன்னாலும் காது கூவியதே என்று யோசிக்கவில்லை. பயந்த மனசு அப்படித்தான்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்து, ஆடி மாதம், மலையடிவாரத்து அருமநல்லூரிலிருந்து விடியற்காலையில் வில்வண்டி வந்தது. அந்தப் பக்கமெல்லாம் மலைக்காய்ச்சல். பிரசவம் பார்க்கிறவளே காய்ச்சலில் படுத்தால் யார் பார்ப்பது? வழக்கம்போல் இரண்டு பொட்டலம் கொயினா மருந்தைக் கருப்பட்டியோடு விழுங்கிவிட்டு ஏறினாள். பூதப்பாண்டி தாண்டியதும் சீவீடு ஆரம்பித்தது. ஜெபம் பண்ணினாள், ஓயவில்லை.

அழகியநாயகிக்குத் தலைப்பிரசவம். முந்தின நாளே வலி கண்டும் பிள்ளை இறங்கவில்லை. ராகேல் குழலை வைத்தாள். சீவீடு. இடம் மாற்றி வைத்தாள். சீவீடு. மாமியார் தாணம்மாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை நன்றாக இருந்தால் பொறுக்கலாம். தளர்ந்திருந்தால் இப்போதே வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த ஆட்டத்தைத் தாய் தாங்குவாளா என்பதும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல இந்தத் தடவை ராகேலுக்கு நாக்கு எழவில்லை.

"எனக்கு இண்ணைக்குக் காது கேக்கல்ல. உள்ள ஒரே இரைச்சல். நீங்க வச்சுக் கேளுங்கம்மா," என்று குழலை நீட்டினாள்.

தாணம்மாள் வாங்கவில்லை. "எனக்கும் கேக்காது. நேத்துக் காய்ச்சலுக்குக் கொயினா தின்னேம்லா? தின்னா ரெண்டு நாளைக்கு இரைச்சல்தான். ஒங்களுக்குத் தெரியாதா?"

ராகேலின் வாயில் காலையில் விழுங்கிய கசப்பு இன்னும் இருந்தது. ஊரில் காய்ச்சல்காரர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, காய்ச்சலே வராத அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அவளைத் தேடி வந்தவர்கள் எல்லாம் பிள்ளைத்தாய்ச்சிகள். யாருடைய காதைப் பற்றியும் அவள் விசாரித்ததில்லை.

வெட்கப்பட நேரமில்லை. வீட்டில் கொயினா தின்னாதது யார் என்று கேட்டு, அழகியநாயகியின் புருஷன் சிவதாணுவைக் கூப்பிடச் சொன்னாள். பேறு நடக்கிற அறைக்குள் ஆம்பிளையா என்று தாணம்மாள் மறித்தாள். அழகியநாயகியே வரச் சொன்ன பிறகுதான் விலகினாள். அவன் கூச்சத்தோடு மண்டியிட்டுக் காதை வைத்தான். கேட்கிற ஒவ்வொரு அடிக்கும் தன் கையில் தட்டச் சொல்லி ராகேல் உள்ளங்கையை நீட்டினாள். மறு கையில் கடிகாரம். முதலில் ஒன்றுமில்லை. குழலைச் சற்றுக் கீழே நகர்த்தினாள். அவன் விரல் தட்டத் தொடங்கியது, வேகமாக, தவறாமல். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது. பயமில்லை, பொறுக்கலாம் என்று அவள் சொன்ன பிறகும் அவன் தட்டுவதை நிறுத்தவில்லை. மத்தியானம் பிள்ளை பிறந்தது.

பத்து நாள் ராகேல் கொயினாவைத் தொடவில்லை. காது அடங்கிக் கிடந்தது. பதினோராம் நாள், யாரும் கூப்பிடாமலே, காய்ச்சல் வந்தால் வரட்டும் என்று செல்லபாயின் வீட்டுக்குப் போனாள். இரைச்சல் கொயினாவால் வந்தது, ஆனால் தெரியாததைச் சொன்னது தன் வாய்தான் என்றாள்.

செல்லபாய் எல்லாவற்றையும் கேட்டாள். "அண்ணைக்கு ஒரு மணிக்கூறு செத்த பிள்ளைக்கு அழுதேன். அதை நான் எங்க கொண்டு வைக்க?"

ராகேலுக்கு அழுகை வந்தது, அழுதாள். செல்லபாய் மடியிலிருந்த பிள்ளையின் சட்டையை உயர்த்தி, ராகேல் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்தாள்.

"இப்பம் வச்சுக் கேளுங்க," என்றாள்.

ராகேல் பையிலிருந்து குழலை எடுத்தாள்.