செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை

1

என் அக்காவின் கணவரை ஒரு சினிமாவிலிருந்து தூக்கியது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அதில் ஒரு கெட்டிக்காரத்தனமாவது இருந்திருக்கும். இந்தக் கதையும் இவ்வளவு படுத்தாமல் எழுத வந்திருக்கும்.

என் நண்பன் ஒருவன் சினிமா எடிட்டர். பட்டப்பெயர் கத்தரி. வெளிவருவதற்கு முன் ஒரு படத்தை அவன் அறையில் எனக்குப் போட்டுக் காட்டினான். கதை எழுதுகிறவன் ஆயிற்றே, அபிப்பிராயம் இருக்கும் என்று நம்பினான். (இருக்கிறது. எப்போதும் இருக்கிறது. பார்க்காத படத்துக்கும் இருக்கிறது.) ஜன்னலில் கறுப்புத் துணி, கைகால் விறைக்கும் ஏசி, வந்தவர்கள் உட்கார ஒரு பக்கம் சரியும் சுழல்நாற்காலி. முதல் பாதியை ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் செல்போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, முந்தைய வாரம் பார்த்த பேய்ப்படத்தைப் பற்றி அலுவலக வாட்ஸப் குழுவில் எழுதிக்கொண்டிருந்தேன்: ‘பேய் நன்றாக நடித்திருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள்தான் பிணம் மாதிரி வருகிறார்கள்.’ சிரிப்பு எமோஜிகள் வந்து குவிந்தன. நான் நிமிர்ந்தபோது படம் முடிந்திருந்தது.

“எப்படிடா?” என்றான் கத்தரி. கண் சிவந்து, பல நாள் தாடியோடு கேட்டான்.

“நல்லா இருக்குடா. செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை. பத்து நிமிஷம் குறைச்சா நிக்கும்.”*

* இதை நான் எல்லாப் படத்துக்கும் சொல்வேன். நீங்களும் சொல்வீர்கள், முறைக்க வேண்டாம். கல்யாண வீட்டில் ‘சாப்டீங்களா’ என்று கேட்பது மாதிரி. அதைக் கேட்டு யாரும் இலையை நோக்கி ஓடுவதில்லை. கத்தரி ஓடிவிட்டான்.

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘லிஃப்ட் நின்றது. இருட்டில் அவன் தன் மூச்சையே முதல்முறையாகக் கேட்டா–’

வேண்டாம். இந்த மாதிரி வரியை வேறு யாராவது எழுதியிருந்தால் குழுவில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அடுத்தது:

‘என் அத்தான் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.’

இது உண்மை. ஆகவே சப்பென்று இருக்கிறது. உண்மையிலேயே அத்தான் ஒரு கதாபாத்திரமாக என் உயிரை எடுக்கிறார். கோபப்பட மாட்டார், சண்டை போட மாட்டார். எதைப் பற்றிக் கேட்டாலும் ‘பரவாயில்ல’ என்பார். குழம்பு பரவாயில்லை, முதுகுவலி பரவாயில்லை, மேனேஜர் பரவாயில்லை. இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளன் பிழைப்பது? அவருக்கு ஒரு ரகசியக் காதலியைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அக்கா இதைப் படிப்பாள் என்பது ஞாபகம் வந்தது.

ஆனால் அவரிடமும் ஒரு ரகசியம் இருந்தது. ஒரு பழைய அடுக்குமாடியில் படப்பிடிப்பு நடந்தபோது லிஃப்ட் சிக்கிக்கொண்டது. உள்ளே கேமராவும் கேமராக்காரரும். அத்தான் போய்த் திறந்துவிட்டார். திறக்கும் வரை கதவுக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே இருந்தவரிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே ஒரு காட்சியாக்கிவிட்டார். படத்தில் நாயகன் முக்கியமான இன்டர்வியூவுக்குப் போகும்போது லிஃப்டில் மாட்டிக்கொள்வான். வெளியே ஒரு மெக்கானிக் பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். அந்த மெக்கானிக் என் அத்தான்.

அக்காவிடம் மட்டும் சொன்னார். மற்றவர்கள் தியேட்டரில் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வாழ்நாளில் அவர் ஆசைப்பட்டுச் செய்த ஒரே குறும்பு. அதைத்தான்–

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை.)

3

முதல் நாள் காட்சிக்கு எங்கள் எல்லோரையும் அழைத்துப்போனார். கூட வேலை பார்ப்பவர்கள் குடும்பத்தோடு ஒரு வரிசை. தலைக்குச் சாயம் அடித்திருந்தார். எதற்கு இந்தத் தடபுடல் என்று யாருக்கும் புரியவில்லை. அக்காவுக்கு மட்டும் இருக்கையில் இருப்புக்கொள்ளவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாயகன் இஸ்திரி கலையாத சட்டையோடு லிஃப்டுக்குள் போனான். கதவு மூடியது. கதவு திறந்தது. தொப்பலாக வியர்வையில் நனைந்து, டை அவிழ்ந்து, கண் கலங்கி வெளியே வந்தான். பின்வரிசையில் ஒருவர், “என்னடா இவன், குளிச்சிட்டு வர்றான்” என்றார். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தானும் சிரித்தார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்து, பெருக்குகிறவர்கள் வரும் வரை அவர் எழவில்லை. வெளியே வந்து படம் எப்படி என்று கேட்டேன். கேமரா நன்றாக இருந்தது என்றார். அக்கா என் பக்கம் திரும்பாமலேயே விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் இணையத்தில் ஒரு விமர்சகர், லிஃப்டுக்குள் போனவனும் வெளியே வந்தவனும் ஒருவனல்ல, இது நவீன மனிதனின் மறுபிறப்பு என்று எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கில் லைக். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுபிறப்பாம். என் கொட்டாவி ஐயா அது.

4

படம் பார்த்த அன்று இரவே கத்தரிக்குப் போன் செய்து, அந்தக் காட்சியை யாருடா தூக்கினது என்று கத்தினேன். அவன் நிதானமாக, “நீ சொன்ன பத்து நிமிஷத்துல அதுவும் ஒண்ணு” என்றான். அந்த மெக்கானிக் என் அத்தான் என்றேன். அவன் ஒரு வழி சொன்னான். ஓடிடியில் போடும்போது நீளத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்; அந்தக் காட்சியைத் திரும்ப வைக்கலாம்; இயக்குநர் முடிவை இவனிடமே விட்டுவிட்டார்; இவன் என்னிடம் விடுகிறான்.

“நீ சொல்லித்தான் தூக்கினேன். வைக்கிறதையும் நீயே சொல்லு. ஆனா பார்த்துட்டுச் சொல்லு.”

காட்சியை அனுப்பினான். இந்த முறை பார்த்தேன்.

வாசகரே, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இழுவைதான்.

அத்தான் கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருப்பவனிடம் எந்த ஊர், என்ன வேலை, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அவன் அழுகிறான். இவர் ஸ்பேனரைத் தேடுகிறார். நடுவில் கேமராவை ஒரு தடவை நேராகப் பார்க்கிறார். ஓடிக்கொண்டிருந்த படம் அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. இது இல்லாமல்தான் படம் நன்றாக இருக்கிறது. ஆயுளில் முதல்முறையாக, படத்தைப் பார்க்காமல் சரியான விமர்சனம் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில், கதவு திறப்பதற்கு முன்னால், “நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்” என்கிறார். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அது நடிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கத்தரியிடம் அவன் கருத்தைக் கேட்டேன். ‘அது வேற மாதிரி ஃபீல்’ என்றான். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், ‘ஒரு வகையில் பார்த்தால்’ என்று தொடங்கினான். போனை வைத்துவிட்டேன். அலுவலகத்தில் மேஜைக்கு மேஜை காட்டினேன். ‘ஒரு தடவை பார்க்கலாம்.’ ‘மோசமில்லை.’ ‘மியூசிக் போட்டா நல்லா இருக்கும்.’ சினிமாவைப் பற்றி நாளெல்லாம் பேசும் ஜனங்கள்! ஒருவர் வாயிலிருந்து நேரான ஒரு பதில் வாங்க முடியவில்லை. இந்த நோய் எங்கிருந்து பரவியது என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அக்காவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். சத்தம் போடவில்லை.

“பத்து நிமிஷம் மிச்சம் பிடிச்சு அப்படி எங்கடா போகணும் உனக்கு?”

வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டேன். அவரையே கேள் என்றாள்.

5

இங்கே கதைக்கு முடிவு வேண்டும். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

காட்சி திரும்ப வருகிறது, ஊரே அத்தானைக் கொண்டாடுகிறது, அவர் பெரிய குணச்சித்திர நடிகராகிறார். (இப்படி ஒரு படம் போன மாதம் பார்த்தேன். பாதியில் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போனேன். திரும்பி வரவில்லை.)

காட்சி வருவதில்லை. அத்தான் ஒன்றும் சொல்வதில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை. (மழையைக் கூப்பிட்டால் கதை ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம்.)

நான் அவரிடம், காட்சி பிரமாதம், தயாரிப்பாளர்தான் தடுக்கிறார் என்று புளுகுகிறேன். அவர் நம்புகிறா–

நம்புவார். அதுதான் பிரச்சினை.

6

ஆகவே நேரில் போனேன். ஒரு வாடகைக் குடியிருப்பின் மூன்றாம் மாடி. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருக்க, அத்தான் அதன் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த கதவு வழியாக, தரைமட்டத்தில் அவர் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். தரையில் முளைத்த ஒரு தலையிடம் மன்னிப்புக் கேட்பது அவ்வளவு சுலபமில்லை.

பேய்ப்படம், எமோஜி, பத்து நிமிஷம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு செல்போனை நீட்டினேன். கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்து, போதாமல் சட்டையிலும் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். தன் காட்சியை அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேமராவைப் பார்க்கும் இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரைப் பார்க்கிறேன் நான் அங்க?” என்றார். முழுவதையும் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.

கீழ்மாடியில் யாரோ லிஃப்ட் எப்போது வரும் என்று கேட்டார்கள். “இதோ ஆச்சு” என்று குரல் கொடுத்தார்.

கத்தரி முடிவைக் கேட்டு மெசேஜ் மேல் மெசேஜாக அனுப்பிக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். நான் அவனுக்கு என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் என்ன சொல்வீர்களோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவாதீர்கள். படத்தின் நன்மையைப் பார்க்கிறவர்கள் ஒரு பக்கம் வாருங்கள், இந்த மனிதனின் முகத்தைப் பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். நான் நடுமாடியில் நிற்கிறேன்.

“அத்தான், மழுப்பாம சொல்லுங்க. இந்த சீன் படத்துக்கு வேணுமா, வேண்டாமா?”

செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்பேனரைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார்.

“படத்துக்கு வேண்டாம், மாப்ள,” என்றார். “எனக்கு வேணும்.”