விரிப்பு துவைக்கும் துறை

கூட்டம் தோற்றுவிட்டது என்று ஹில்க்கா முடிவு செய்ததற்குக் காரணம், அதில் யாருமே பேசாததுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட அரங்குக்கு அறுபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். முன்னால் மூன்று வரிசைகளைக் காலியாக விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். ஆற்றங்கரையின் பழைய இரும்பு ஆலையை இனி என்ன செய்யலாம் என்று, நகராட்சியின் திட்டப் பொறுப்பாளரான அவள் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். யாரோ இருமினார்கள். எல்லோரும் காபி குடித்தார்கள். ஏலக்காய் ரொட்டியில் வழக்கம்போல் கடைசி ஒன்றை யாரும் எடுக்காமல் தட்டிலேயே மிச்சம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கருத்துப் பெட்டியில் இரண்டே காகிதங்கள் கிடந்தன. ஒன்றில் "காபி நன்றாக இருந்தது" என்று எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் முப்பது பேராவது எழுத்தில் கருத்துச் சொன்னால், திட்டத்தை ஊரோடு சேர்ந்து மறுபடி வரையலாம். இல்லையென்றால் ஊருக்குக் கருத்தே இல்லை என்று பொருள். ஆலையும் முற்றமும் கரையும் ஒரு ஹோட்டல் நிறுவனத்தின் கைக்குப் போய்விடும். அவர்களுடைய வரைபடத்தில் வேலி தண்ணீர்வரை ஓடியது. அது கூடாது என்றுதான் ஹில்க்கா இரண்டு வருஷமாக அலுவலகம் அலுவலகமாக அலைந்து இந்த ஒரு வாய்ப்பை வாங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில், ஆலை முற்றத்தில் வைத்த அறிவிப்புப் பலகைகளைக் கழற்றப் போனாள். கீழே ஆற்றோர மரத்துறையில் ஜூலை மாதத்துக்கே உரிய கூட்டம். இருபது பேர் முழங்காலிட்டு, கந்தல் துணியில் நெய்த விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பைன் சோப்பு வாசனை மேலேவரை வந்தது. நேற்று வாயைத் திறக்காத அத்தனை பேரும் இங்கே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, பலகையை ஏன் கழட்டுற?" பள்ளிக்கூடச் சமையல்காரி அர்மி, பிரஷை நிறுத்தாமலே கேட்டாள்.

"முடிஞ்சுபோச்சு. யாருக்குமே அக்கறை இல்லையே."

"எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

"நேத்து ஒருத்தர்கூட வாயத் திறக்கலையே!"

பிரஷ்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"வந்தோமே!" என்றாள் அர்மி. "அபூர்வமா வெயிலடிக்கிற சாயங்காலம், அறுபது பேரு படகைக் கட்டிப்போட்டுட்டு வந்து, மூடின அறையில உக்காந்தோம். அதுக்கு மேல என்னத்தச் சொல்லணும்?"

"நான் என் மச்சானையே இழுத்துட்டு வந்தேன்," என்றார் ஒன்னி. ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். "அவன் கல்யாணத்துக்கே போக மாட்டான்."

"யாரு கல்யாணத்துக்கு?"

"அவன் கல்யாணத்துக்குத்தான். பாதியிலதான் வந்து சேந்தான்."

ஹில்க்கா பலகையைக் கீழே வைத்தாள். "அப்போ எழுதியாவது போட்டிருக்கலாமே?"

"நான் எப்படி முதல்ல எழுதுறது?" என்றார் ஒன்னி. "அர்மி குடும்பம் மூணு தலைமுறையா ஆலையில வேலை பாத்தது."

"நான் எப்படி எழுதுவேன்? கரையை ஒட்டி இருக்கிறது உன் வீடுய்யா!"

ஒருவரை ஒருவர் பார்த்தபடி அறுபது பேரும் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

துறையின் ஓரத்தில் பிழியும் இயந்திரம் இருந்தது. இரண்டு உருளைகள், ஒரு கைப்பிடி. அதன் முன்னால் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். வரிசையில் யார் முதல் என்பதில் இந்த ஊரில் சண்டையே வந்ததில்லை. ஹில்க்கா பையிலிருந்து படிவக் கட்டை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னிக்குக் கைப்பிடியை நான் சுத்துறேன். உங்க விரிப்பு இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள நீங்க எழுதிடணும்."

"மெதுவாச் சுத்து," என்றார் முதலில் நின்ற ஒன்னி. ஆனால் அவருக்கு நேரம் தேவைப்படவில்லை. 'வேலி வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அர்மிக்கு இரண்டு பக்கமும் போதவில்லை. உலைக்கூடத்தில் தச்சுப் பட்டறை வேண்டும், கோடையில் நடனம் வேண்டும். ஹோட்டலும் வரட்டும், மேட்டிலுள்ள பழைய ஆலை மேலாளர் வீட்டோடு நிற்கட்டும்.

"நடனமா? என் ஜன்னலுக்குக் கீழயா?" ஒன்னி எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"எழுதிட்டேன். உனக்கு ஆகலைன்னா இன்னொரு காகிதம் வாங்கிக்க!"

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்," என்றாள் ஹில்க்கா. வாய் அதைச் சொன்னாலும் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. விரிப்பில்லாமல் வரிசையில் நிற்க ஊராருக்கு மனம் வரவில்லை. அதனால் சுத்தமான விரிப்புகளைக் கொண்டுவந்து, தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்துக்கொண்டு நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் கால்மிதியோடு வந்தார்.

மூன்றரை மணிக்கு, நாற்பத்தொரு காகிதங்களைத் நகராட்சி அலுவலகத்தில் தன் மேலதிகாரி ரெய்யோவின் மேசையில் வைத்தாள். கைப்பிடி சுற்றிய தோள் வலித்தது.

"ஏன் இப்படி ஈரமா இருக்கு?"

"ஆத்துத் தண்ணி சார்."

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். அவசரமே படவில்லை. பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். "சரி. மறுபடி வரையலாம். ஹோட்டல்காரங்களுக்கு நானே போன் பண்ணிடுறேன்."

ஹில்க்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாளில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

ரெய்யோ கடிகாரத்தைப் பார்த்தார். நான்காக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. மேசையில் மிச்சமிருந்த வெற்றுப் படிவம் ஒன்றைத் தன் பக்கம் இழுத்தார்.

"நானும் இந்த ஊர்க்காரன்தானே," என்றார். பள்ளிப் பிள்ளை மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்.