தட்டாத கதவு

அப்பாவுக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. மகள் கட்டிலோரம் உட்கார்ந்து அதைத் தைத்துக்கொண்டிருந்தபோது, அப்பாவோடு கட்சியில் இருந்த தச்சர் வந்து அறை வாசலிலேயே நின்றார்.

"அம்மாடி, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. அந்த நீல நோட்டு எங்க இருக்கு?"

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. காலை ஆறு மணிக்குத்தான் அப்பாவின் உயிர் போயிருந்தது. இன்னும் பத்துகூட ஆகவில்லை, அதற்குள் கட்சி வந்துவிட்டது.

"தூக்குற வரைக்குமாவது பொறுக்க மாட்டீங்களா மாமா?"

"சாயங்காலம் அஞ்சு மணிதான் கெடு," என்றார் தச்சர், தரையைப் பார்த்தபடி.

அந்தக் கெடு அவளுக்கும் தெரியும். வீட்டில் ஒரு மாதமாக வேறு பேச்சே இல்லை. மூன்று தேர்தலில் தொடர்ந்து மண்ணைக் கவ்விய கட்சி அது. கிளை அலுவலகத்தின் பூட்டே துருப்பிடித்துப் போயிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பே தலைமை ஒருவழியாக விழித்துக்கொண்டு ஒரு விதி போட்டது: கெடு தேதிக்குள் இருபத்தைந்து உறுப்பினர் இருந்தால்தான் கிளை, இல்லையென்றால் கலைத்துவிடுவார்கள்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா அன்றிலிருந்து காலில் சக்கரம் கட்டிக்கொண்டார். முதலில் பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதியில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. ஒவ்வொரு பெயரின் மேலும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். உயிரோடிருந்து, கட்சியிலும் இருந்தவர்கள் கடைசியில் ஒன்பது பேர்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கதவு தட்டினார். வாசலிலேயே நின்று, "அஞ்சு நிமிஷம் பேசலாமாங்க?" என்பார். ஓட்டைப் பற்றி வாயே திறக்க மாட்டார். "தெருவுல என்ன கொறை?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். முடிந்ததைச் செய்துவிட்டு மறுபடி போவார். மூன்றாவது தடவைதான் உறுப்பினர் படிவத்தை நீட்டுவார். நேற்று தையற்காரி கையெழுத்துப் போட்டதோடு இருபத்தைந்து ஆகிவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்ததை மகள் பார்த்தாள். பார்த்தும் என்னவென்று கேட்கவில்லை. கட்சி என்றாலே அவளுக்கு ஆகாது. அவளுடைய பிறந்தநாளிலிருந்து பெண் பார்க்க வந்த நாள் வரை எல்லாவற்றுக்கும் அவர் ஏதோ ஒரு கூட்டத்திலிருந்து தாமதமாகத்தான் வந்தார்.

அப்பாவின் தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"மாவட்ட ஆபீஸ்ல பேசிட்டேன்," என்றார் தச்சர். "அப்பா பேரையும் வச்சே அனுப்பச் சொல்றாங்க. நேத்து தேதி போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

மகள் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தாள். நோட்டைத் திரும்ப வாங்கி, அப்பாவின் பெயர் இருந்த பக்கத்தைப் புரட்டினாள். மேசையிலிருந்த அளவுகோலை எடுத்தாள்.

"இந்த மாதிரிப் பொய்ப் பேரத்தானே மாமா அவரு ஒவ்வொண்ணா அடிச்சாரு? கடைசில அவரையே பொய்ப் பேரா விட்டுட்டுப் போவீங்களா?"

அளவுகோலை வைத்துக் கோடு போட்டாள். காலையிலிருந்து வராத அழுகை பாதிக் கோட்டில் வந்தது. மிச்சக் கோட்டையும் போட்டுத் தேதியையும் எழுதினாள்.

தச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ இருபத்துநாலு," என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "நீ ஒரு கையெழுத்து..." என்று இழுத்தார்.

"என்னால முடியாது மாமா. அவர் மேல இருக்கிற கோவமே இன்னும் போகல."

"என்னை யாரும் கேக்கலயே," என்றது ஒரு குரல்.

கூடத்தில், அப்பாவைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி, நீங்க..." தச்சருக்கு நாக்குக் குழறியது. "நீங்க உறுப்பினர் இல்லையா? உங்கள மொதல்லயே சேத்தாச்சுன்னுல்ல நாங்க நெனச்சிட்டிருந்தோம்!"

"அவரும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு. நாப்பது வருஷமா உங்க எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்தேன்ல." அம்மா கோபமாகச் சொல்லவில்லை. "இவரு தட்டாத கதவே கெடையாதுன்னு காலைல இருந்து எல்லாரும் சொல்றீங்க. ஒண்ணு இருக்கு. இதுதான்."

தச்சர் அவசர அவசரமாகப் படிவத்தை நீட்டினார். அம்மா கையை நீட்டவில்லை.

"இப்படி இல்ல. அவரு கேக்குற மாதிரி கேளுங்க."

தச்சர் வெளியே போனார். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். விரியத் திறந்திருந்த கதவை மூன்று தரம் தட்டினார்.

"வணக்கம். அஞ்சு நிமிஷம் பேசலாமாங்க?"

"உள்ள வாங்க," என்றாள் அம்மா. "இன்னிக்கு எடம் கொஞ்சம் நெருக்கடி."

"தெருவுல... தெருவுல என்ன கொறை?"

"எங்க வீட்டு எதிர் வெளக்கு மூணு மாசமா எரியல. லைன்மேன் வீடுன்னு பேரு. எழுதிக்குங்க."

யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். தச்சரும் அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே எழுதினார்.

"மூணாவது தடவைதானே படிவம் குடுப்பீங்க?"

"நாப்பது வருஷம் ஆச்சே அண்ணி. போதாதா?"

அம்மா பெட்டியின் மேல் படிவத்தை வைக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, தன் மடியிலேயே நோட்டை வைத்து அதன்மேல் படிவத்தை விரித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். தையற்காரி எல்லாப் படிவங்களையும் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மகள் மீண்டும் ஊசியை எடுத்துப் பொத்தானைத் தைத்து முடித்தாள்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். எல்லாம் முடிந்து வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது தச்சருக்கு போன் வந்தது. "குடுத்தாச்சா? முத்திரை போட்டாங்களா?" என்று கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து ஆமென்று தலையை ஆட்டினார்.

பொழுது சாய்ந்தபோது வந்தவர்கள் எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். மகள் கூடத்தில் வாடகை நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள்.

வெளியே அம்மா நின்றிருந்தாள். கையில் நீல நோட்டும் பேனாவும்.

"அஞ்சு நிமிஷம் பேசலாமாங்க?"

மகள் கையிலிருந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்தாள்.

"பயப்படாதீங்க," என்றாள் அம்மா. "மொத தடவைதான். படிவம் எல்லாம் கொண்டு வரல. இந்த வீட்டுல என்ன கொறைன்னு கேக்கத்தான் வந்தேன்."

மகள் மடக்கிய நாற்காலிகளில் இரண்டை எடுத்து, மறுபடி விரித்துப் போட்டாள்.